முதல் தரச் சாயம்

லாண்ட்ரி அக்காவின் கிணற்றில் திங்கட்கிழமை ஊதாத் தண்ணீர், செவ்வாய்க்கிழமை மஞ்சள். புதன்கிழமை வரும் நிறத்துக்கு உலகத்தில் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் சாயப்பட்டறை இன்று எந்த நிறத்தைக் கழித்துவிடுகிறதோ, நாளை அது தெருவில் எல்லாக் கிணற்றிலும் தலைகாட்டும். அந்தத் தெருவில் வெள்ளைப் பூனை பிறந்து மூன்று வருஷமாகிவிட்டது.

அக்கா வெளுப்பதோ ஆஸ்பத்திரி கோட்டுகள். ரோஸ் நிறக் கோட்டில் வந்த அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்ததுமே ஒரு நோயாளி மயக்க ஊசி இல்லாமலே மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை இருநூறு கோட்டும் வெள்ளையாக வராவிட்டால் வேலை வேறு லாண்ட்ரிக்குப் போய்விடும்.

தெருவின் தூய நீர்க் குழுவுக்கு அக்காதான் செயலாளர். நாற்பத்தொரு மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. நாற்பத்திரண்டாவதாக, செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு நீர்ப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே ஒரு வழக்கம். பாட்டிலுக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்து எழுத்தர் படித்துப் பார்ப்பார். எழுத்து தெரிந்தால்தான் அது தண்ணீர், அதற்கப்புறம்தான் பரிசோதனை.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், பாட்டிலைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலியேம்மா. இது தண்ணி இல்ல.”

“எங்க கிணத்துல எறைச்சதுங்க!”

“எறைச்சா தண்ணியா? சாயம்மா இது. நல்ல கெட்டிச் சாயம். எங்க ஆபீஸ் திரைக்குப் போட்டாக்கூட பத்து வருஷம் நிக்கும்.”

சொன்னதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார்: ‘கொண்டுவந்த பொருள் தண்ணீர் அல்ல. சாயம். முதல் தரம்.’ கீழே முத்திரை.

அக்காவின் கணவர் தாளைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நாப்பத்திரண்டு மனு கொடுத்து கிணத்தையே காணாம அடிச்சிட்டியே! நீ செயலாளர் இல்ல, மந்திரவாதி!”

“சிரிங்க, சிரிங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சிரிக்கலாம்” என்றாள் அக்கா. ராத்திரி முழுக்க அந்தத் தாள் அவள் மண்டைக்குள் படபடத்தது. தண்ணீர் இல்லை, சாயம். சரி, சாயம் என்றால் அது யாருடையது?

விடிந்ததும் ஒரு வாளிச் சாயத்தையும் தாளையும் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். “கண்டெடுத்த பொருள் சார். யாரோ எங்க கிணத்துல தவற விட்டுட்டாங்க.”

காவல் நிலையத்தில் முத்திரை இருந்தால் எதையும் நம்புவார்கள். பதிவேட்டில் ஏற்றிவிட்டுச் சாயப்பட்டறை மேலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவர், தாளைக் கையில் வாங்கி இரண்டு தரம் படித்தார். இருபது வருஷமாக அவர் சாயத்தை மூன்றாம் தரத்துக்கு மேல் யாரும் சொன்னதில்லை.

“முதல் தரமா? கவர்மென்டே எழுதியிருக்கா?” தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எங்க சாயம்தாங்க! சந்தேகமே வேணாம், எங்க சரக்கேதான்!” பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

காவல் நிலைய எழுத்தர் பதிவேட்டை மூடினார். “அப்ப உங்க பொருளை முழுசா எடுத்துக்கிட்டுப் போங்க.”

“இந்த வாளிதானே?”

“இது சாம்பிள் சார்” என்றாள் அக்கா. “மிச்சம் தெருவுக்கு அடியில இருக்கு.”

அன்று மதியம் பட்டறை வாசலில் தொடங்கிய வாளி வரிசை தெருமுனை திரும்பி, கடைத்தெருவைக் கடந்து, மறுபடி பட்டறைக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வாளிக்கும் மேலாளர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். காவலுக்கு ஒரு போலீஸ்காரர் வேறு. தொட்டி நிரம்பியது, குடோன் நிரம்பியது, மேலாளரின் மேஜை மிதந்தது. ஆனால் பட்டறையின் கழிவுக்குழாய் மட்டும் நிற்காமல் ஓடியது. அது கக்கியதைத் தெரு இறைத்தது, இறைத்ததைப் பட்டறை வாங்கிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை இடுப்பு வரை நீலமாக மேலாளர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அக்கா, நாளைக்கு முதலாளி வர்றாரு. இந்த பேன்ட்டை மட்டும் எப்படியாவது...”

“வெளுத்துத் தரலாம் தம்பி. அதுக்குத் தண்ணி வேணுமே? உங்க சாயத்துல உங்க சாயத்தை எப்படிப் போக்கறது?”

மேலாளர் கிணற்றைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். பார்த்தவர் ஓடினார். கால் மணி நேரத்தில் கழிவுக்குழாயின் வாயில் நாலு மூட்டை சிமென்ட் விழுந்தது. போதாததற்கு அவரே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தெருவே கூடி இரவெல்லாம் இறைத்தது. விடியும்போது கிணற்றின் அடியில் கிடந்த பித்தளைக் குடம் பளிச்சென்று தெரிந்தது.

இருநூறு கோட்டும் வெயிலில் காய்ந்தபோது ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் கண் கூசிக் குடையை விரித்துக்கொண்டார். குடைக்குள் நின்றே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒரு புள்ளிகூடக் கிடைக்காத எரிச்சலில், “திங்கக்கிழமை அடுத்த மூட்டையை அனுப்பறேன்” என்றார்.

“அனுப்புங்க” என்ற அக்கா, மேலாளரின் பேன்ட்டைக் கடைசியாக, தனி வாளியில், குச்சியால் தூக்கி முக்கினாள்.