கடைக்கால் இல்லாத சுவர்

எங்கள் வீட்டு வாசலில் இருப்பது ரெட்டைக் கதவு. அதில் தென்பக்கக் கதவு எங்களுடையது, வடபக்கக் கதவு பெரியப்பாவுடையது. வீட்டைப் பங்கு போட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கதவைப் பங்கு போட்ட குடும்பம் இண்டூரில் எங்களை விட்டால் வேறு கிடையாது. நிலைக்கு நட்ட நடுவிலிருந்து கிளம்பி, கூடத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு பின்சுவர் வரைக்கும் ஒரு நாலு அங்குலச் செங்கல் சுவர் ஓடும். ஒற்றைக் கதவு வழியாக பிரிட்ஜ் நுழையாது என்பதால் எங்கள் பிரிட்ஜ் மாட்டுக்கொட்டகையைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்தது. நானும் கொஞ்சம் சதை போட்டவள்தான். என் சொந்த வீட்டுக்குள் தினமும் ஒருக்களித்துத்தான் போய்வந்தேன்.

வீட்டைக் கட்டியவர் என் தாத்தா காளியப்பன். அந்தக் காலத்திலேயே காங்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூத்தவர் தர்மனுக்கு வடபாதி, இளையவர் வீரமணிக்குத் தென்பாதி என்று எழுதியிருந்தாலும், அண்ணனும் தம்பியும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். வீரமணி என் அப்பா. அவருக்கு நான் ஒரே மகள், பெயர் சுசித்ரா. ஆறு வருடத்துக்கு முன் அப்பா தன் பாதியை என் பெயருக்கு எழுதிவைத்தார். அங்கேதான் பிடித்தது வினை.

"கட்டிக் குடுத்த பொண்ணு வேற வூட்டுக்காரி. தம்பிக்குப் பையன் இல்லீன்னா அவன் பாதி பங்காளிக்குத்தான் வரணும். ஊரு வழக்கம் தெரியாதா?" என்று பெரியப்பா கத்தினார். அவருடைய மகன் பெங்களூரில் பிளாட் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானோ கல்யாணமான நாளிலிருந்து கணவரோடு இதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் நான் வேறு வீட்டுக்காரியாம்!

பத்திரப் பதிவு முடிந்த சேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் காதுக்குப் போனது. சனிக்கிழமை காலையில் ஒரு டிராக்டர் செங்கல் வந்து இறங்கியது. நல்ல நேரம் பார்க்கவில்லை, நாள் பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் நின்றது. அந்தக் கோபத்திலும் மனிதர் ஒன்றில் மட்டும் தவறவில்லை. டேப் பிடித்து, நூல் கட்டி, சுவரின் பருமனில் இரண்டு அங்குலம் தன் பக்கம், இரண்டு அங்குலம் எங்கள் பக்கம் என்று சரிபாதியாக நிறுத்தினார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் முகம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருடம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிகிற வரைக்கும் பெரியப்பாதான் முன்னே நின்றார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மா கண்ணம்மாளும் பெரியம்மா கோவிந்தம்மாளும் இந்தப் பகையை மதித்ததே இல்லை. பின்பக்கக் குழாயடியில் குழம்பும் ரசமும் கைமாறிக்கொண்டுதான் இருந்தன.

இதற்கு நடுவே ரோடு வளர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார். மறுபடி அதன்மேல் ஒன்று. தாத்தா கட்டியபோது ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டுமாம். இப்போது மூன்று படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். போன ஐப்பசியில் முழங்கால் அளவு நின்றது. அந்தத் தண்ணீரில் பெரியம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். என் தக்காளி நாற்றுப் பண்ணையின் டெம்போவில் நாற்றுத் தட்டுகளை இறக்கிப்போட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினேன். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்னொரு மழைக்கு இந்த வீடு தாங்காது. ஒன்று இடிக்க வேண்டும், இல்லை தூக்க வேண்டும்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற ஒப்பந்தக்காரர் மாதவராஜ் சேலத்திலிருந்து வந்தார். சுற்றிப் பார்த்தார், மாடி ஏறிப் பார்த்தார்.

"தாராளமா நாலடி தூக்கலாங்க மேடம். ஆனா மேல காங்கிரீட் ஒரே தளம். பாதிய மட்டும் தூக்குனா விரிஞ்சி போயிரும். தூக்குனா ரெண்டு பங்கும் சேந்துதான் மேல வரணும். ரெண்டு ஓனரும் கையெழுத்துப் போடணுங்க."

குழாயடி வழியாகப் பேச்சு போனது. பெரியம்மா கட்டுப்போட்ட கையைக் காட்டியே பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். செலவு ஆளுக்குப் பாதி என்பதற்கும் அவர் தலையாட்டிவிட்டார். கையெழுத்துப் போட வாசலுக்கு வந்தவர், ஒப்பந்தத் தாளை எட்டப் பிடித்துப் படித்தார். நான் நாலடி தள்ளி நிற்கிறேன். அவர் பேசியதோ மாதவராஜிடம்.

"இதுல சுசித்ரா, வீட்டு உரிமையாளர்னு போட்டிருக்குது. அந்தப் பேரு பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டன். அத அடிச்சிட்டு வீரமணி வகையறான்னு எழுதுங்க தம்பி."

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிவான பத்திரம் பீரோவில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது என் பெயரில் வருகிறது. இவருக்கு என் பெயரை ஒரு தாளில் பார்க்கக்கூட ஆகாதாம். அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்கத்தான் போனேன். அம்மா என் முழங்கைக்கு மேல் நறுக்கென்று கிள்ளினாள்.

"காரியம் ஆவணும்னா கழுதக் கால்லயும் வுழணும்டி. வாய மூடிக்கினு போடு."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அடித்து எழுதியது என் அப்பாவின் பெயர் என்பதால்தான் பொறுத்தேன். வீடு மேலே வரட்டும், அப்புறம் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் கம்பைநல்லூரில் பெரியம்மாவின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் நாற்றுப் பண்ணைக் கொட்டகைக்கு மாறினோம். சுவர்களின் அடியைத் தோண்டி, கடைக்காலுக்கு மேலே இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றுக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்துகிற வேலை நடந்தது. மூன்றாம் நாள் மாதவராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், அந்த நடுச்செவுத்துக்குக் கடக்காலே இல்லீங்களே. வெறும் தர மேல கல்ல அடுக்கி வெச்சிருக்குது! யாருங்க அந்த மேஸ்திரி?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? தாத்தாவோடு சேர்ந்து இந்த வீட்டுக்கே கல் சுமந்தவர் பெரியப்பா. ஊரில் யார் வீடு கட்டினாலும் போய் நின்று, கடைக்கால் ஆழம் போதாது என்று குறை சொல்லிவிட்டு வருவார். அவர் தன் கையால் எழுப்பிய ஒரே சுவருக்கு ஒரு சாண் குழிகூடத் தோண்டவில்லை.

"தூக்கறதுன்னா அதுக்கும் தனியாச் சட்டம் செருவணும். வுட்டுட்டா அது தரையோடவே நின்னுக்கும், வூடு மட்டும் மேல போவும். பெரியவர போன்ல கேட்டுக்கட்டுங்களா?"

"கேக்க வேணாங்க. பாதிச் செவுரு எம் பக்கம். எம் பாதிய தூக்கல."

"அதெப்படிங்க, பாதிய மட்டும்..."

"பாதிய மட்டும் தூக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப மொத்தமும் அங்கயே நிக்கட்டும்."

செய்தது நியாயமா என்று கேட்டால் இல்லை. சுகமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

தூக்குகிற அன்று தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு நாலைந்து ஜாக்கி. மாதவராஜ் விசில் ஊதினால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒருவர் பிந்தினாலும் சுவரில் கீறல் விழும். முதல் விசிலுக்கு வீடு லேசாக முனகியது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்தாவது விசிலில் நடுச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே விரல்கடை இடைவெளி விழுந்தது. அதன் வழியாக, ஆறு வருடம் கழித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சம் எங்கள் கூடத்துக்குள் ஒரு கோடாக வந்து விழுந்தது. மறுநாள் முழம் அளவு. நாலாம் நாள் முழுதாக நாலடி. தாத்தா கட்டிய வீடு ஒரு கீறலும் இல்லாமல் ரோட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. நான் விசிலடித்தேன். முப்பத்தாறு வயதுப் பெண் தெருவில் நின்று விசிலடிக்கலாமா என்று அம்மா திட்டினாள். பிறகு அவளும் கை தட்டினாள்.

கீழே புதிதாகச் சுவர் எழுப்பி, ஜாக்கிகளை எடுத்து, உள்ளே நாலடிக்கு மண் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். பத்தடிச் சுவரில் நாலடி மண்ணுக்குள் போய்விட்டது. மிச்சம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவும் காற்றடித்தால் ஆடுகிறது என்று இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் பெரியப்பா பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கம்பைநல்லூரிலிருந்து வந்தார். நான் என் பக்கத்தில் நின்றிருந்தேன். அவருடைய செருப்புச் சத்தம் வாசலேறி, கூடத்துக்குள் வந்து, சட்டென்று நின்றது. யாரைக் கேட்டுச் சுவரைக் கீழேயே விட்டாய் என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆறு வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

அவர் கத்தவில்லை. "டேய் வீரமணி," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் தெற்குச் சுவரில் அப்பாவின் படம் தொங்குகிறது. சாமான்களைக் காலி செய்தபோது, "அதக் கழட்டாத, வூட்டோட அவரும் மேல ஏறட்டும்," என்று அம்மா சொல்லியிருந்தாள். இப்போது குட்டையாகிப்போன சுவரின் தலைக்கு மேலே, அப்பா நேராக அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா?

"சுசித்ரா, இருக்கறியா?"

ஆறு வருடத்தில் முதல் முறையாக என் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது.

"இருக்கறன் பெரீப்பா."

"இந்தச் செவுரு மேல வரலியா?"

"அதுக்குக் கடக்கால் இல்லீங்க."

"எப்படி இருக்கும்? வவுறு எரிஞ்சிக்கினு கட்டுனது," என்றார்.

"உங்களக் கேக்காம நான்தான் வுடச் சொன்னன் பெரீப்பா. தப்புதான்."

"கட்டறப்ப நான் உன்னக் கேட்டனா?" கட்டையில் கைவைத்து அவர் சுவரை ஆட்டிப் பார்ப்பது தெரிந்தது. "இத எடுத்துரலாம்னு நெனைக்கறன். ஆனா ரெண்டு இஞ்ச் உன் எடத்துல நிக்குது. வூட்டுக்காரி நீ. நீ சரின்னு சொன்னாத்தான் நான் கை வெக்க முடியும்."

தாளில் என் பெயரைப் பொறுக்காத மனிதர் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அழுதேன். சத்தம் வராமல் அழ எனக்குத் தெரியாது. "என்னடி ஆச்சி?" என்று அம்மா பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை ஒரு வழியாக நிமிர்த்திக்கொண்டேன்.

"சரிங்க பெரீப்பா. ஆனா கட்டுன கைதான் ஒடைக்கணும். இந்தப் பக்கம் வந்து மொத அடிய நீங்க அடிங்க."

மாதவராஜின் ஆட்கள் போட்டுவிட்டுப் போன சம்மட்டியை எடுத்துக்கொண்டு அவர் தன் கதவு வழியாக வெளியே போனார். இரண்டே எட்டு. எங்கள் கதவுக்கு வந்தவர் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எழுபது வயது மனிதர். தலையில் கல் சுமந்து தானும் சேர்ந்து கட்டிய வீட்டின் நிலைக்கு வெளியே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வரட்டுமா?"

"வாங்க பெரீப்பா," என்றேன். "எங்க வூட்டுக்கு வாங்க."

முதல் அடியிலேயே மேல்வரிசை சரிந்து அந்தப் பக்கம் விழுந்தது. "ஏங்க, நான் இங்கதான நிக்கறன்!" என்று பெரியம்மா அலறினாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே சம்மட்டியை என்னிடம் நீட்டினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது அடியை நான் அடித்தேன்.