யர்மிலாவின் நோ

பஸ்ரியனைக் கண்டாலே அருள்நாயகத்துக்கு வயிறெரிந்தது. இருவருக்கும் ரொறன்ரோவில் டொக்டர் யர்மிலாவின் ஆய்வுகூடத்தில்தான் வேலை. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த அருள்நாயகம் இங்கே போத்தல் கழுவினார். அவருக்குப் பின் வந்து சேர்ந்த பஸ்ரியனோ கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அளவெடுத்தான்.

யர்மிலா லேசுப்பட்டவர் அல்லர். அறுபத்தெட்டாம் ஆண்டு பிராக் நகருக்குள் ரஷ்ய யுத்தத் தாங்கிகள் நுழைந்தபோது ஒரேயொரு பெட்டியோடு கிளம்பிய செக் நாட்டுக்காரி. ரொறன்ரோவில் அவரும் போத்தல் கழுவித்தான் தொடங்கினார். பிறகு தீப்புண்ணில் ஒட்டாத மருந்துத்தாளைச் செய்து பெயரெடுத்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டோடு ஓய்வுபெறப் போகிறார். அவருடைய கடைசி ஆய்வுக்கட்டுரையில் பெயர் வந்தால், அருள்நாயகம் இந்த நாட்டிலும் இரசாயனக்காரராகத் தலைநிமிரலாம்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார். "கட்டுரையில் என் பெயரும் வருமா?"

யர்மிலா குடுவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நோ, நோ" என்று முணுமுணுத்தார்.

அப்படியானால் பஸ்ரியனுக்குத்தான்! அன்று அருள்நாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே யர்மிலாவிடம் போய், பஸ்ரியன் கருவியைப் பார்க்காமலே அளவுகளை எழுதுகிறான் என்றார். பச்சைப் பொய். யர்மிலாவின் முகம் கறுத்தது. நன்றி மட்டும் சொன்னார்.

பிரியாவிடை உரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. யர்மிலா தன் கதையைச் சொன்னார்.

"முதல் வேலைக்குப் போனபோது, போத்தல் கழுவ வருமா என்று கேட்டார்கள். நான் 'நோ' என்றேன். எங்கள் செக் பேச்சில் அதற்கு 'ஓமோம், வரும்' என்று அர்த்தம். வாசல்வரை துரத்திவிட்டார்கள்; பிறகுதான் விளங்கித் திரும்பக் கூப்பிட்டார்கள்! இன்றைக்கும் வேலையில் மூழ்கினால் அதுதான் வாயில் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அருள்நாயகத்துக்கு அன்றைய 'நோ, நோ' நினைவுக்கு வந்தது. திரையில் கட்டுரையின் முதற்பக்கம் விழுந்தது. யர்மிலாவின் பெயருக்குக் கீழே அருள்நாயகத்தின் பெயர் மட்டும் இருந்தது.

பக்கத்திலிருந்த பஸ்ரியன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணை, உங்கடை பேர்! உங்களையும் போடச் சொல்லி நான்தான் டொக்டர் மனிசியைக் கரைச்சல்படுத்தினனான்."

பிறகு திரையை மறுபடி பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"என்ரை பேரை ஏன் எடுத்தவ? உங்களுக்கு ஏதும் தெரியுமே, அண்ணை?"

"இல்லை" என்றார் அருள்நாயகம்.