கேட்டதும் கொடுத்த நான்கு லட்சம்

மூக்கைப் பொத்தாமல் மூச்சு விடுவதற்கு மேகலா வைத்த விலை நான்கு லட்சம். படியாத விலை என்று அவளுக்கே தெரியும். பாதியில் முடிப்பதற்காகவே சொன்னது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, கல்லங்குளத்தில் அவளுக்குச் சின்ன வெங்காய மண்டி. நகராட்சியின் சாக்கடைக் குழாய் உடைந்து, ஐப்பசி மழையோடு கழிவுநீர் மண்டிக்குள் புகுந்ததில் ஒன்றரை லட்சத்துச் சரக்கு குப்பைக்குப் போனது. அதைவிடப் பெரிய இடி, விவசாயிகள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதையே விட்டதுதான். தை அறுவடைக்குள் நாற்றம் போகாவிட்டால் மண்டியைப் பூட்ட வேண்டியதுதான்.

வழக்கு அரியலூரில் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. "எவ்வளவும்மா கேக்கறீங்க?" என்றார் நீதிபதி.

"நாலு லட்சங்க ஐயா."

நகராட்சிப் பொறியாளர் வீரமணி உடனே தலையாட்டினார். "சம்மதம்ங்க ஐயா. கையெழுத்துப் போட்டுடலாம்."

அவளுடைய வக்கீல் முத்தமிழ் பல்லெல்லாம் தெரியப் பேனாவை நீட்டினான். மேகலாவோ அதை வாங்கவில்லை. இருபது வருட வியாபாரத்தில், கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தவன் எவனும் நல்லெண்ணத்தில் கொடுத்ததில்லை.

"போடுங்கக்கா. இங்க முடிஞ்சா அப்பீலே கிடையாது" என்றான் முத்தமிழ்.

"அதான் தம்பி பயமா இருக்கு." வீரமணியிடம் திரும்பினாள். "சார், குழாயை எப்ப மாத்துவீங்க?"

"அது தனிங்க. ஃபண்டு வரணும். இப்போதைக்கு ஒட்டு போட்டிருக்கோம்ல?"

"ஒட்டா? அது என்ன சைக்கிள் டியூபா? அடுத்த மழைக்குப் புட்டுக்கும். அப்ப நான் வந்து நின்னா, அதான் மொத்தமா வாங்கிட்டியேம்பீங்க."

வீரமணி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அதன்பிறகு நடந்தது நீதிபதி கண்டிராத பேரம். இழப்பீடு கேட்டவளே விலையை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"மூணரை வாங்கிக்கறேன். தைக்குள்ள புதுக் குழாய்."

"கட்டுப்படியாகாதுங்கம்மா."

"மூணு."

"ரெண்டுன்னா பாக்கலாம்."

"நீங்க வெங்காயம் வாங்க வந்தா நான் மண்டியை வித்துட்டுத்தான் போவணும் போல. ரெண்டரை. குழாய் புதுசு, என் வாசலைத் தாண்டுற வரைக்கும். ஐயா, அதையும் தீர்ப்புலயே எழுதிடுங்க."

வீரமணி அரை மனதாகத் தலையாட்ட, நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

தை பிறக்குமுன் குழாய் வந்தது, நாற்றம் போனது, பாடாலூரிலிருந்து வெங்காய லாரியும் வந்தது. ஆனால் தோண்டிய பள்ளத்தை யாரும் மூடவில்லை.

"ரோட்டைப் பத்தி நீங்க பேசவே இல்லையேம்மா" என்றார் வீரமணி, வெகு மரியாதையாக.

லாரி பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, மூட்டைகள் பலகை மேல் தலைச்சுமையாக வந்தன. மேகலா கணக்கு எழுதினாள். வரவு இரண்டரை லட்சம். போன சரக்கு ஒன்றரை லட்சம், வக்கீலுக்கு இருபத்தைந்தாயிரம், சுமைகூலி ஆறாயிரம். கையில் நின்றது அறுபத்தொன்பதாயிரம். நகராட்சி தரவேண்டிய பாக்கி, ஒரு ரோடு.