இந்தா, கேக்குதா?

மருமகளுக்கு "வீடியோக்காரி" என்று பெயர் வைத்தவர் மாமனார்தான். அவள் கல்யாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுக்கிறவள், ஆகவே பெயரில் பொய் எதுவும் இல்லை. கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவனே அவசரத்துக்கு அப்படிக் கூப்பிடுகிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோளில் சுமக்கும் பழைய கேமராவைத் தூக்கித் தூக்கி அவளுக்கு வலது தோளே இறங்கிப்போயிருந்தது. இனி கையடக்கமான மிரர்லெஸ் கேமராதான் என்று முடிவானதும் வீட்டில் திடீரென்று ஒரு நிபுணர் முளைத்தார். கணவன்தான். அதுவரை ஒரு பொத்தானைக்கூட அழுத்தியறியாதவன், விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு வந்து நின்றான்.

"வாங்கினா ஃபுல் ஃபிரேம் வாங்கு. அதுல சென்சார் பெரிசாம், இருட்டுலகூட சும்மா பளிச்சுன்னு வருமாம்."

"வரட்டும். அதோட லென்ஸ் என்ன கனம்னு தெரியுமா? தூக்கப்போறது நீங்களா, நானா?"

அவள் தேர்ந்தெடுத்தது சென்சார் கொஞ்சம் சிறிய ரகம். கை நடுங்கினாலும் படம் நடுங்காது. திரையைப் பக்கவாட்டில் திறந்து எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், வேண்டாமென்றால் உள்பக்கமாக மடித்து மூடியும் வைக்கலாம். சூட்டை வெளியேற்ற முதுகில் சின்னதாக ஒரு விசிறி. அந்த விசிறியால் கேமராவின் பின்பக்கம் சற்றுப் புடைத்திருந்தது.

"என்ன இது, கூன் விழுந்த கேமராவா பாத்து எடுத்திருக்கே?" என்றான் கணவன்.

"முக்கியமான நேரத்துல சூடாகி நின்னுபோச்சுன்னா, இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு நீங்க போய் மாப்பிள்ளைகிட்ட சொல்லுவீங்களா?"

அரை மணி நேரம் ஓடினால் தானாக நின்றுவிடும் ரகங்களும் கடையில் இருந்தன. அவற்றை அவள் கையால்கூடத் தொடவில்லை. நிறுத்தச் சொல்லும்வரை நிற்காமல் ஓட வேண்டும், அதுதான் அவள் கணக்கு.

புதுக் கேமரா வந்த வாரம்தான் மாமனாரின் தொண்டையைப் பற்றி மருத்துவர் தீர்த்துச் சொன்னார். குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் பேச்சு போய்விடும்.

மாமனார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த குரல் அது. அந்தக் குரலைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். மாமியார் மட்டும் மறுநாள் சமையலறையில் மருமகளைத் தனியாகப் பிடித்தாள்.

"உன் புதுக் கேமரால முதல்ல அவரைப் பேச வச்சு எடும்மா. நல்லா எடு. அந்தக் குரல் எனக்கு வேணும்."

அவள் வாழ வந்த நாளிலிருந்து மாமியார் அவளிடம் எனக்கு வேணும் என்று எதையும் கேட்டதில்லை. வீடியோக்காரி சரியென்று தலையை ஆட்டினாள்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளின் காலையில்தான் படப்பிடிப்பு. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி கூடத்தில் நாற்காலி போட்டாள். முக்காலியில் கேமரா, சட்டைக் காலரில் கம்பியில்லாத குட்டி மைக். மின்சாரமும் நேராகச் சுவரிலிருந்தே, பேட்டரி தீருமோ என்ற கவலை கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள்.

ஒரே ஒரு சிக்கல். பேருந்து நிலைய அறைக்குள் மைக் உயிர் பெற்றால் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்ததும் குரலை நிமிர்த்திக்கொள்வது மாமனாருக்கு ஊறிப்போன பழக்கம். கேமராவின் முகப்பிலும் பதிவாகும்போது ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. அதைக் கண்டதும் மனிதர் முதுகை நேராக்கி, தொண்டையைச் செருமி, கல்லாய்ச் சமைந்துவிட்டார். அவள் பதிவை நிறுத்தி, கேமராவின் மெனுவுக்குள் போய் அந்த விளக்கு எரியாதபடி செய்தாள். தொடங்கும்போது வரும் ஒலியையும் நிறுத்தினாள். தன் முகமே தெரிந்தால் இன்னும் விறைப்பாரென்று திரையை உள்பக்கமாக மடித்து மூடினாள். கேமராவைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பேசட்டும் என்று எதிரே மோடா போட்டு உட்கார்ந்து, ரிமோட்டைப் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

புத்திசாலித்தனம் என்றால் அப்படியொரு புத்திசாலித்தனம்! கேமரா ஓடுகிறதா இல்லையா என்பது மாமனாருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

"ம், பேசுங்க மாமா," என்று ரிமோட்டை அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் என்ன? பேசுங்க என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. "அன்பார்ந்த குடும்பத்தினரின் கனிவான கவனத்திற்கு," என்று ஆரம்பித்தார் மாமனார். மாமியாரைத் "தங்கள் தாயார்" என்றார். தம் வாழ்க்கையையே ஏதோ தாமதமாக வந்து சேர்ந்த வண்டியைப் போல அறிவித்தார். அவள் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கேலி பேசி இளக வைத்து, மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அறிவிப்பு. இடையில் சாப்பிட்டார், பத்திரிகை பார்த்தார், பேரம் பேசுவதுபோல மனைவியிடம் சண்டை போட்டார், குளிக்கப் போனார். திரும்பி வந்து இன்னொரு அறிவிப்பு. போகட்டும், எப்படியோ குரல் வந்துவிட்டது, அது போதும் என்று அவளும் தேற்றிக்கொண்டாள். நண்பகலில் கணவன் மாமனாரையும் மாமியாரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

வீடு காலியானதும் கேமராவின் மெமரி கார்டை எடுத்துக் கணினியில் செருகினாள். அவர் கல்லாய்ச் சமைந்த முதல் துண்டைத் தள்ளிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தாள். முக்காலியைச் சரிசெய்கிற அவள் முகமே பெரிதாக வந்தது. அப்புறம் நாற்காலி, மாமனாரின் காலரைச் சரிசெய்யும் மாமியார், அவள் குரலில் "ம், பேசுங்க மாமா." அந்த இடத்தில் படம் நின்றது.

அடுத்த கோப்பு, "போதும் மாமா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்பதில் ஆரம்பித்தது.

காலையில் விளக்கை அணைத்தபின் வெளிச்சம் பார்க்க மறுபடி கேமராவின் பொத்தானை அழுத்தியதும், அந்த நேரம் பார்த்து மாமியார் மைக்கை எங்கே குத்துவதென்று கூப்பிட்டதும், போனவள் வந்து திரையை மடித்து மூடியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சோதனைக்கு ஓடவிட்டதை நிறுத்தவே இல்லை. அதன்பின் தொடங்குவதாக நினைத்து நிறுத்தியிருக்கிறாள், நிறுத்துவதாக நினைத்துத் தொடங்கியிருக்கிறாள். காலை முழுக்கத் தலைகீழ். அவர் உரையாற்றிய ஒரு வரிகூட கார்டில் இல்லை.

தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஒரு விளக்கு எரிந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? இன்னொரு தடவை எடுக்கலாமென்றால், இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது, தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று சேர்க்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களென்று கணவன் ஃபோனில் சொல்லியிருந்தான். மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை. ஊர்க்கல்யாணத்தையெல்லாம் உருப்படியாக எடுத்துக் கொடுத்தவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள். மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்ததும் உடைந்து அழுதாள்.

அழுதபடியே அடுத்த கோப்பை ஓடவிட்டாள். வேறு என்ன செய்வது?

"இந்தா, கேக்குதா?" என்றது மாமனாரின் குரல். "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"

"என்னங்க இப்ப?" உள்ளேயிருந்து மாமியார்.

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டுப் பாத்தேன்."

"உயிரை வாங்காதீங்க!"

வீடியோக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரகரப்பு ஏறியிருந்தாலும் அது அவர் குரல். வீட்டில் நடமாடுகிற குரல். கண்ணாடியைக் காணோம் என்றது, கண்ணாடி நெற்றியில் இருந்தது. மகனைப் பற்றி, "உம் புருஷன் விவரமானவன்மா, ஆனா அந்த விவரம் ஒண்ணுத்துக்கும் உதவாது" என்று அவளிடமே புறம் பேசியது. அப்போது சிரித்திருக்கிறாள், இப்போது அழுகையோடு சேர்ந்து சிரித்தாள்.

எல்லாவற்றிலும் நீளமான கோப்பு கடைசிக்கு முந்தியதாக இருந்தது. அரை மணியைத் தாண்டி ஓடியிருந்தது. தொடக்கத்தில் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து படத்தை விட்டு வெளியே போனார். ஆளின் கண்ணைத் தானாகத் தேடிக் குவியம் வைக்கும் கேமரா, கண் எதுவும் கிடைக்காமல், நாற்காலியின் மெத்தை மீது நிலைகொண்டது. வெறும் நாற்காலி. ஆனால் மைக் அவர் சட்டையில்தானே இருந்தது! குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தம், சட்டையை ஆணியில் மாட்டும் சரசரப்பு, வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அவள் பதறிப்போய் நிறுத்தப் போனாள். மாமனார் குளிக்கிற சத்தத்தை மருமகள் உட்கார்ந்து கேட்பதாவது!

அதற்குள் குழாய் நின்றது. அவர் பேசினார். எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான் இருந்திருக்கும்.

"ஊர்ல போற வண்டிக்கெல்லாம் நேரம் சொன்னேன். உனக்கு மட்டும் எதுவும் சொன்னதில்ல." வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. "ச்சே. சரியா வரல." மறுபடி, இன்னும் தணிவாக: "இத பாரு. எனக்குப் பயமா இருக்கு. பேச்சு போறதுக்காக இல்ல. நீ ராத்திரி இருட்டுல ஏதாவது கேட்டா, நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும்னு சொன்னதே இல்லல்ல நான்? சொல்லியிருக்கலாம். வாய் இருந்த காலத்துலயே சொல்லியிருக்கலாம்."

சற்றுப் பொறுத்து, வீடு அதிர ஒரு கத்தல்: "இந்தா! இந்த வீட்ல சோப்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது அவளுக்கு. போன உயிர் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கூன் விழுந்த கேமராவைத் தடவிக்கொடுத்தாள். சூடாகாமல், இடையில் நின்றுவிடாமல், ஆளில்லாத நாற்காலியை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றதே!

ஆனால் அது ஒட்டுக் கேட்ட பேச்சு. அவரைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க முடியாது. மாலையில் பார்வையாளர் நேரத்துக்கு மடிக்கணினியோடு மருத்துவமனைக்கு ஓடினாள்.

கட்டிலில் மாமனார், பக்கத்து ஸ்டூலில் மாமியார். அவள் எதையும் மறைக்கவில்லை. "நீங்க பேசினது ஒண்ணுகூட பதிவாகல மாமா. எல்லாம் என் தப்பு," என்று விளக்கு அணைத்த கதையைச் சொன்னாள். மாமியார் முகம் சுருங்கியது. மாமனாரோ பேசக் கூடாது என்பதால் சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"பேசாததெல்லாம் பதிவாகியிருக்கு. நீங்க குளிக்கப் போனப்பகூட மைக் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது."

சிரிப்பு நின்றது. அவள் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி அந்த இடத்தை ஓடவிட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

"வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன் மாமா. அத்தைகிட்ட குடுக்கலாமா?"

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஹெட்ஃபோனைக் கழற்றி, மனைவியின் காதில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். முடி சிக்காமல் ஒதுக்கியும் விட்டார்.

மாமியார் கண்ணை மூடிக் கேட்டாள். கண்ணீர் வழிந்து முகவாயில் நின்றது, அவள் துடைக்கவில்லை. கடைசியில் என்ன வந்ததோ, சட்டென்று கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள்.

"சோப்பு ஜன்னல் மேலயே இருந்துச்சுங்க," என்றாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுவதும் போய்விட்டது, இனி பயமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று வீட்டில் எல்லாருமே வெகுநாள் கழித்துக் கவலையில்லாமல் தூங்கினார்கள்.

கழுத்தில் கட்டோடு மாமனார் வீடு வந்தார். கேட்பதையெல்லாம் பலகையில் எழுதிக் காட்டினார். எதிரே இருக்கிறவர்களுக்குப் பலகை சரி. அடுப்பங்கரையில் இருக்கிறவளை எப்படிக் கூப்பிடுவது? கையைத் தட்டினால் அவளுக்குக் கோபம் வருகிறது. "நான் என்ன புறாவா?" என்று கேட்டுவிட்டாள். ஒன்றுக்கும் உதவாத விவரக்காரன் என்று பெயர் வாங்கிய மகன்தான் வழி கண்டுபிடித்தான். வீடியோக்காரி அந்தக் காலைநேரப் பேச்சிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகளை ஒரு பழைய ஃபோனில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெரிதாக ஒரு பொத்தான் வைத்தான். கண்ணாடிக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, கூப்பிட ஒன்று. அன்பார்ந்த குடும்பத்தினரின் கனிவான கவனம் பதிவாகியிருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்?

மாமனார் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

"இந்தா, கேக்குதா? கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"

"வரேன், வரேன். உயிரை வாங்காதீங்க!" என்று அடுப்பங்கரையிலிருந்து பழக்கதோஷத்தில் பதில் வந்தது. அதன் பிறகு உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கரண்டியும் கையுமாக மாமியார் வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க வேணும்?"

அவர் பலகையை எடுக்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.