மோட்டர் போகிற வரைக்கும்

அம்மாவின் வாயிலிருந்து முதல் சத்தம் கிளம்புவதற்குள் சாரதா பாய்ந்து பொத்திவிட்டாள். ஒரு கையால் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் பின்தலையைப் பிடித்து, அம்மாவைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். இராசம்மாவின் மூச்சு உள்ளங்கையில் சூடாக அடித்தது.

"வேணாம்மா. அந்த ஆளு வந்துட்டுப் போகட்டும். மோட்டரு போற வரைக்கும் அழுவாதம்மா."

பலகைக் கட்டிலில் அப்பா கிடந்தார். கொஞ்சம் முன்னால்தான் வெந்நீர் கேட்டார். அவள் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சுச் சளி ஆறு மாதமாக ஆளை உருக்கியிருந்தது உண்மைதான். ஆனாலும் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் புறப்படுவார் என்று யார் கண்டது? அதுவும் மோட்டர் வாங்க ஈப்போவிலிருந்து ஆள் வருகிற நாளில்.

அப்பா மாடசாமி தேயிலை ஃபேக்டரியில் பிட்டராக இருந்தவர். ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பி.எஸ்.ஏ. மோட்டர் சைக்கிள், சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காகச் செய்தது, முப்பது வருஷமாக அவரிடம் இருந்தது. கலியாண நாளை எத்தனையோ தடவை மறந்திருக்கிறார், அதைத் துடைக்க ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தக் காலத்து இங்கிலீஷ் மோட்டர்களைத் தேடிப் பிடித்து வாங்குகிற பிரியக்காரர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேப்பரில் விளம்பரம் கொடுத்தவள் சாரதாதான். வேலையிலிருந்து நின்றவருக்கு லயத்து வீடு கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி தோட்ட ஆபீஸ் கிராணி இரண்டு தடவை வந்துவிட்டார். தானா ராத்தா டவுனில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு முன்பணம் கட்ட அந்த மோட்டரை விட்டால் நாதியில்லை.

சாவு வெளியே தெரிந்தால் அதுவும் போச்சு. பேர் மாற்றுவதற்குள் செத்துப்போன சிங்காரத்தின் லோரி, கோர்ட்டு கச்சேரி என்று இழுத்தடித்து, ஐந்து வருஷமாக அவர் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது.

நேற்றே பேர் மாற்றும் பாரத்தை அப்பாவிடம் நீட்டியிருந்தாள். "இப்பவே கையெழுத்து போட்டு வச்சிருங்கப்பா. நாளைக்கு ஒடம்பு எப்படி இருக்குமோ."

"வர்றவன் யாருன்னு தெரியாம போட மாட்டேன். மோட்டர எப்படி தொடுறான்னு பாக்கணும் லா."

"ஆமா, பொண்ணு கட்டிக் குடுக்கப் போறீங்க பாருங்க" என்று எரிந்து விழுந்தாள். அதோடு பேச்சில்லை. காலையில் வெந்நீர் கேட்டபோதும் பதில் சொல்லாமல்தான் எழுந்து போனாள். ஒரு வார்த்தை, "இந்தாப்பா, கொண்டாறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அது நெஞ்சை அறுத்தது.

வேலை நாள், லயம் காலி. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். காலில் அடிபட்டு லீவில் இருக்கும் பக்கத்து வீட்டு தெரசம்மாள் மட்டும்தான் இருந்தாள். நடுவில் பலகைச் சுவர். தும்மினால்கூட அந்தப் பக்கம் கேட்கும்.

"அண்ணி, அண்ணன் இருமலையே காணோம், தூங்குறாரா?"

இராசம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஆமா அத்தை, இப்பதான் கண்ணசந்தாரு" என்றாள் சாரதா. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாட ஆரம்பித்தது. கொஞ்சம் உயிர் வந்தது.

அப்பாவின் கண்களை மூடினாள். தாடையைக் கட்ட வேண்டும், கட்டினால் தெரிந்துவிடும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பத்து மணி என்றவனை பத்தரைக்கும் காணோம். பெற்ற அப்பன் கட்டிலில் விறைத்துக்கொண்டிருக்க, ஊர்பேர் தெரியாத ஒருவனுக்காக வழி பார்த்து நிற்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கார் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் லிம், பல் டாக்டர். கூட வந்தவர் காரிலேயே இருந்துகொண்டார். லிம் மோட்டரை இரண்டு சுற்று சுற்றி வந்து, பெட்ரோல் டாங்கியைப் புறங்கையால் மெல்லத் தடவினார். அப்பா எங்கே என்று மலாயில் கேட்டார். ஊசி போட்டிருக்கிறது, தூங்குகிறார் என்றாள். தலையாட்டிவிட்டு மோட்டரில் ஏறி மிதித்தார்.

பிடிக்கவில்லை. பத்துத் தடவை மிதித்தும் பிடிக்கவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, ஓடாத மோட்டரை எடுத்துப்போக முடியாது, இதற்கென்று ஒரு பக்குவம் இருக்கும், அப்பாவைக் கொஞ்சம் எழுப்பு என்றார். 

அப்போது இராசம்மா வெளியே வந்தாள். கண் இரண்டும் கொவ்வைப்பழம். யாரையும் பார்க்காமல் மோட்டர் பக்கத்தில் குந்தி, கார்புரேட்டர் மேலிருந்த சின்ன ஊசியை, பெட்ரோல் கசிந்து விரல் நனையும் வரை அமுக்கினாள். எழுந்து, இடது கைப்பிடியில் இருந்த சின்ன லிவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பெலான், பெலான்" என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். லிம் மெதுவாக மிதித்து இறக்கினார். லிவரை விட்டாள். "இப்ப குவாட்." அவர் ஓங்கி மிதித்தார். மோட்டர் பிடித்துக்கொண்டது.

லிம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சாரதா கொடுத்த பாரத்தில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினார். சாரதா அதை உள்ளே கொண்டுபோய், பிஸ்கட் டின் மூடிமேல் வைத்து, அப்பாவின் பெயரை அப்பா எழுதுகிற மாதிரியே எழுதினாள். பள்ளிக்கூட ரிப்போர்ட்டு கார்டில் வருஷா வருஷம் பார்த்த கையெழுத்து. கை நடுங்கவில்லை. நடுங்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பணத்தைக் கொடுத்த பிறகும் லிம் உடனே கிளம்பவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசற்படி வரை வந்தார்.  கட்டிலில் கம்பளிக்குள் இருந்த உருவத்தைப் பார்த்து லேசாகக் குனிந்து, எழுப்பிவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, "திரிமா காசே, அங்கிள்" என்று நன்றி சொன்னார். இந்த ஆளை அப்பாவுக்குப் பிடித்திருக்கும் என்று சாரதாவுக்குத் தோன்றியது. 

மோட்டர் முன்னால் போக, கார் பின்னால் போனது. தேயிலைச் சரிவில் இரண்டும் மறைந்தன.

"போயிட்டாரும்மா" என்று அம்மாவின் தோளைத் தொட்டாள். "இப்ப அழும்மா."

இராசம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்று, காதைச் சத்தத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

"கோயில் வளைவு" என்றாள். சற்றுப் பொறுத்து, "பாலம்."

சாயங்காலங்களில் அவர் திரும்பி வரும் சத்தம் அந்தப் பாலத்தில் கேட்டதும் அடுப்பில் தேயிலைச் சாயத்தண்ணி வைப்பாள். முப்பது வருஷம் அப்படித்தான். இன்று சத்தம் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது.

கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. தெரசம்மாள் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, அண்ணன் எந்திரிச்சிட்டாரா? மோட்டர எடுத்துட்டுப் போற சத்தம் கேட்டுச்சே. மாதா கண்ணத் தொறந்துட்டா."

 இராசம்மா வாசலை விட்டு ஒதுங்கி, வழிவிட்டாள்.

"உள்ள வா, தெரசா" என்றாள்.