குடித்தவரும் போதை ஏறியவளும்

பூட்டு ரிப்பேர்க்காரர் குடித்தால் அவர் மனைவிக்குப் போதை ஏறும். கல்யாணமான மூன்றாம் நாளே இது தெரிந்துவிட்டது. ஒரு கிளாஸ் உள்ளே தள்ளிவிட்டு அவர் நூல் பிசகாமல் சாவி ராவிக்கொண்டிருக்க, இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அவள், வரிசையில் நின்ற அத்தனை பேரையும் மச்சான் என்று கூப்பிட்டாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவள். அவருக்கோ எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. ஏறாத கோபத்தில் இன்னொன்று கேட்பார், அதையும் அவள்தான் தாங்க வேண்டும்.

அரசாங்கம் தன் பாட்டுக்குச் சட்டம் போட்டது. முதலில், குடிக்கு அடிமை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் குடிக்கப் பெர்மிட் என்றார்கள். மூக்கு முட்டக் குடித்துவிட்டுப் போன பூட்டுக்காரர் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று காட்டினார், மனு தள்ளுபடி. துணைக்குப் போன மனைவி நாற்காலியோடு சாய்ந்ததால் பெர்மிட் அவள் பெயருக்கு வந்தது. பிறகு முழு மதுவிலக்கு. தள்ளாடிய அவளைப் பிடித்து ஊதச் சொன்ன போலீஸ்காரர்கள், பல்பொடி வாசனை வந்ததும் திருதிருவென்று விழித்தார்கள். சட்டம் தளர்ந்து தெருவுக்கு ஒரு கடை திறந்த வருடம், அவள் ஒரு குழந்தைக்கு அரை மாத்திரைக்குப் பதில் ஆறு மாத்திரை மடித்துக் கொடுத்தாள். தாய் பிரித்துப் பார்த்ததால் தப்பியது.

"இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும்மா. முதல்ல மறுவாழ்வு வார்டுல சேருங்க" என்றார் பெரிய டாக்டர்.

"நான் குடிக்கல சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

நாற்பது நாள் சிகிச்சை. நோயாளியோடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவரும் வெளியே போகக் கூடாது என்பது வார்டு விதி. பூட்டுக்காரர் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அந்தப் பூட்டெல்லாம் அவருக்குக் கொண்டை ஊசி வேலை. மூன்றாம் நாள் மதியம் ஊசியை விட்டுத் திருகி, பூட்டு வாயைத் திறந்த நேரத்தில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இந்த டம்ளரைக் கொஞ்சம் பிடிங்க. கை நிக்க மாட்டேங்குது."

மூன்று நாளாகக் குடிக்காதவர் அவர்; நடுக்கம் கண்டவள் அவள். தண்ணீர் பாதி நெஞ்சில் கொட்டியிருந்தது. அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இது பரவாயில்லீங்க."

அவருக்கு அழுகை வந்தது. போய்ப் பூட்டை மறுபடி பூட்டிவிட்டு வந்து, அடுத்த முப்பத்தேழு நாளும் வாந்திச் சட்டியை அவரே ஏந்தினார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் குடிக்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பி நூறு மாத்திரையை மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் நூறுதான்.

ஆஸ்பத்திரி தன் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. சேர்க்கைப் படிவத்தை மட்டும் மாற்றியது. குடிப்பவர் பெயர் என்று ஒரு கட்டம், போதை ஏறுபவர் பெயர் என்று இன்னொரு கட்டம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. பெண்கள் வரிசையில் நின்று இரண்டையும் நிரப்பினார்கள். முதல் வாரத்திலேயே படிவம் தீர்ந்து மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது.