பூஜைக்கும் நிற்காத மிஷின்

ஆயுத பூஜை அன்று மிஷின் ஓடக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. லேத்துப் பட்டறையாக இருந்தாலும் சரி, ஊசி மருந்துக் கம்பெனியாக இருந்தாலும் சரி, துடைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டால் மறுநாள் காலைவரை ஒரு டிரில் மிஷினைக்கூட யாரும் தொட மாட்டார்கள். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் என்று நம்பி, அயனம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் இரண்டு வாழைக்கன்றும் ஒரு பூசணிக்காயும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாழை இலை வழியெல்லாம் என் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தது.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று என் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "காசு தோண்ற மிஷினா? அப்போ நீங்களே தோண்டிக்கினு ஒக்கார வேண்டியதுதான, எதுக்குடி அத்த ஊருக்கு விக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கிரிப்டோ காசுக்காக உலகம் முழுக்க லட்சக்கணக்கான மிஷின்கள் இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன, எந்த மிஷின் எவ்வளவு போடுகிறதோ அதற்கு அந்தக் காசில் அவ்வளவு பங்கு, தினமும் புது மிஷின்கள் வந்து சேர்வதால் நம் மிஷினின் பங்கு தேய்ந்துகொண்டே போகும் என்று விளக்கினேன். புதிதாக இருக்கும்போது ஓட்டினால்தான் லாபம். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைக்கு வந்தால் அது வெறும் சத்தம் போடுகிற ஹீட்டர். அம்மா கொட்டாவி விட்டாள்.

எங்கள் முதலாளி பிரசன்னா திருச்சிக்காரர். பெரிய கம்பெனியில் சிப் டிசைன் செய்துகொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு இந்த ஒரு கணக்கை மட்டும் போடுகிற சிப்பைத் தானே வரைந்தார். வரைந்ததை வெளிநாட்டு ஆலையில் செய்து வாங்க வேண்டும். முதல் தடவை வந்தது மொத்தமும் வேலைக்கு ஆகவில்லை. தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி இரண்டாம் தடவை வந்த சிப்பைப் பொருத்தி ஓடவிட்ட அன்றைக்கு, மனிதர் எங்கள் எல்லார் எதிரிலும் அழுதார். நானும் அழுதேன். மிஷினுக்குக் கடப்பாரை என்று பெயர் வைத்தார். நம்ம அம்பத்தூரில் இப்படி ஒன்று என்று எனக்கு அவ்வளவு பெருமை. அவர்மேல் மரியாதை இருந்ததால்தான் அன்றைக்குக் கோபமும் அவ்வளவு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை முன்பதிவு செய்தவர்களிடம் பேசுவதும், மிஷினைக் கட்டி அனுப்புவதும். ஆவடி, ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் அதிகம், எல்லாரும் முழுப் பணமும் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். எப்போது வரும், எப்போது வரும் என்று என் போன் ஓயாது. நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொன்னேன்: "டெஸ்டிங் நடக்குது சார், முடிஞ்சதும் முதல் போன் உங்களுக்குத்தான்." சார் எனக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். நம்பிச் சொன்னேன்.

அதில் இருதயராஜ் என்று ஒருவர். குமணன்சாவடியில் ஜெராக்ஸ் கடை. மிஷினுக்காகவே மொட்டைமாடியில் சோலார் பலகை போட்டு, சூடு வெளியேற சுவரை இடித்து எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்துவிட்டார். வீட்டில் தினமும் அர்ச்சனை. "இன்னாமா ஜோதிகா, செவுத்துல ஓட்ட போட்டு ஒக்காந்துகினுகீறேன். எம் பொண்டாட்டி அந்த ஓட்ட வழியா என்னியே வெளிய தள்ளிடுவாபோல கீது" என்பார். நான் டெஸ்டிங் கதையைச் சொன்னதும், "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல, வுடு" என்று வைத்துவிடுவார். மற்றவர்கள் கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இவர் நம்புவதுதான் என்னவோ செய்யும்.

பூஜை அன்று காலை பதினோரு மணிக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. பேக்கிங் பிரிவு குப்பம்மா அக்கா சால்டரிங் கருவிக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, பொரி கடலையைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஏசி நின்றுவிட்டது. ஆனாலும் ஹோவென்று ஒரு இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. பின்பக்கத்து டெஸ்டிங் ரூம்.

டெஸ்டிங் பார்க்கிற வேம்புலி அண்ணனிடம் போனேன். "இன்னா அண்ணாத்தே, உள்ள ஓடிக்கினே கீது, நிறுத்தலியா?"

"சாவி சார் கைல கீது. அந்த ரூமுக்கு நான் போயி ரொம்ப நாளாச்சு."

"டெஸ்டிங் நீதான பாக்குற?"

"நான் பாத்து முடிச்சிட்டேன். ஒரு மிஷினுக்கு ஒரு நாளு. சூடு, வேகம், ஃபேனு எல்லாம் செக் பண்ணி ஓகே ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. புள்ளையார் சதுர்த்திக்கு முன்னாடியே ஒட்டிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ ஏன் எங்கிட்ட அனுப்பல?"

"உங்கிட்டதான் அட்டப்பொட்டி வர்லன்னு சார் சொன்னாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குப்பம்மா அக்கா சாய்ந்து தூங்குவதே அதன்மேல்தான். எனக்கு டெஸ்டிங் முடியவில்லை என்றும், அவருக்குப் பெட்டி வரவில்லை என்றும் சார் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். கேட்கத்தான் தோன்றவில்லை.

பட்டு வேட்டியில் வந்த பிரசன்னா சாரிடம் நேராகக் கேட்டேன். "சார், பின்னாடி ரூமைத் திறங்க. மிஷினெல்லாம் நிறுத்திப் பொட்டு வெக்கணும்."

"அதை மட்டும் விடுங்க ஜோதிகா. டெஸ்டிங் நடுவுல நிறுத்தக் கூடாது."

"இன்னா சார் டெஸ்டிங்?" என்றார் வேம்புலி அண்ணன். அவர் குரல் உயரவே இல்லை. "நான்தான ஸ்டிக்கர் ஒட்டினேன்?"

சார் எங்கள் முகங்களைப் பார்த்தார். மறைத்துப் பிரயோசனமில்லை என்று புரிந்திருக்கும். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. வரிசை வரிசையாக ஊரார் பணம் கட்டின கடப்பாரைகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சின்னத் திரை. யார் கணக்குக்கு உழைக்கிறதோ அவர் பெயர் அதில் வரும். எல்லாவற்றிலும் ஒரே பெயர், எங்கள் கம்பெனியின் பெயர்.

"முதல் சிப் ஃபெயிலானதுல எவ்வளவு போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். குரலில் அசதி இருந்தது, பொய் இல்லை. "இன்னும் ஒரு மாசம் ஓட்டிட்டா தலைக்கு மேல இருக்கிற கடனை அடைச்சிடுவேன். அப்புறம் எல்லாருக்கும் அனுப்பிடலாம். மிஷின் எங்கயும் ஓடிப் போகாது."

"ஒரு மாசம் கழிச்சு அதுல இன்னா சார் இருக்கும்? மாட்டை வித்துட்டு, பாலை நீங்க கறந்துக்கினு, மடி வத்துனப்புறம் ஓட்டிவுடுவீங்களா?"

"சத்தம் போடாதீங்க. உங்க சம்பளம், தீபாவளி போனஸ் எல்லாம் எதுலேருந்து வருதுன்னு நினைச்சீங்க? இதுலேருந்துதான்."

வெளியே நின்றவர்களுக்கும் இது காதில் விழுந்தது. குப்பம்மா அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஜோதி, வாய மூடிக்கினு வா. எம் பேரப்புள்ளைங்களுக்குத் துணி எடுக்கணும். யாரோ எவனோ மிஷினுக்குக் காத்திருந்தா உனுக்கு இன்னா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும்தான் தீபாவளி இருக்கிறது, ஸ்கூட்டிக்குத் தவணை இருக்கிறது. ஆனால் அந்த யாரோ எவனோவோடு தினமும் பேசியது நான். என் குரல், என் பெயர். இருதயராஜ் வீட்டுச் சுவரில் இருக்கிற ஓட்டைக்கு நானும் ஜவாப்தாரி. சார் பொய் சொல்ல வேண்டுமென்றால் தன் வாயால் சொல்லியிருக்கலாம், என் வாயை எதற்கு எடுத்துக்கொண்டார்? அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

டெஸ்டிங் ரூமுக்கான மெயின் ஸ்விட்ச் நடைபாதைச் சுவரில் இருக்கிறது. போனேன். பிடியைக் கீழே இழுத்தேன்.

அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றது. தெருக்கோடியில் வேறொரு கம்பெனியில் மணி அடிப்பதுகூடக் கேட்டது.

"என்ன பண்றே நீ?" சார் முதல்தடவையாக என்னை ஒருமையில் கேட்டார். ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்து வந்தார். அதற்குள் வேம்புலி அண்ணன் கற்பூரத் தட்டோடு குறுக்கே போய் நின்றுவிட்டார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"பூஜ நேரம் சார். மிஷினு ஓடக் கூடாது. எங்கப்பா காலத்துலேர்ந்து நான் இந்த எஸ்டேட்ல கீறேன், ஒரு மொதலாளியும் இப்பிடிப் பண்ணி நான் பாத்ததில்ல."

சாரின் கை பாதியில் நின்றது. எத்தனை சிப் வரைந்தாலும் கற்பூரத்தைத் தாண்டிப் போக அவருக்கும் மனசு வரவில்லை. மெதுவாகக் கையைக் கீழே போட்டார். நான் போனை எடுத்தேன். முன்பதிவு செய்தவர்களுக்கென்று நானே நடத்துகிற வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் பதிவு செய்தேன்.

"நான் ஜோதிகா பேசறேன். டெஸ்டிங் எப்பவோ முடிஞ்சிடுச்சு. உங்க மிஷினெல்லாம் இத்தினி நாளும் உங்களுக்காக ஓடல, கம்பெனிக்காக ஓடிச்சு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பணம் கட்டுன ரசீதோட இப்பவே வாங்க. கட்டிக் குடுக்குற வேல என்னுது, நான் குடுக்குறேன்."

அனுப்பிவிட்டேன். சார் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்விட்சை நான் மேலே தள்ளவில்லை.

முதல் ஆளாக இருதயராஜ்தான் வந்தார். போனில் மட்டுமே கேட்ட குரல், நேரில் ஒல்லியாக, நரைத்த மீசையோடு, சைலன்சர் கழன்ற டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியது. அவருக்குப் பின்னால் பைக்குகள், ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு குட்டியானை வண்டி என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ போலீஸைக் கூப்பிடலாம் என்றார்கள். யாரோ கல்லைத் தேடினார்கள். நான் ஒரு அட்டைப்பெட்டியின்மேல் ஏறி நின்று, "யாரும் கை வெக்கக் கூடாது! கண்ணாடி ஒடஞ்சா கூட்டிப் பெருக்கப் போறது குப்பம்மா அக்காதான்! லைன்ல நில்லுங்க, எல்லாருதும் கீது!" என்று கத்தினேன். நின்றார்கள்.

சார் எழுந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் மறுபடி முதலாளி எழுந்துவிட்டார். என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "ஜோதிகா, ஒரு வார்த்தை. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், டெஸ்டிங் இன்னும் நடக்குதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. இந்த யூனிட்டையே உங்க பொறுப்புல விடறேன். எல்லாருக்கும் போனஸ், இன்னிக்கே."

குப்பம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் இருதயராஜைப் பார்த்தேன். அவர் சாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார். "இன்னாமா, மெய்யாலுமே முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுண்ணே. இது உங்க மிஷினு. தூக்குங்க."

வேம்புலி அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடிக்க, கடப்பாரை வாசலுக்கு வந்தது. வழியில் குப்பம்மா அக்கா மறித்தார். முகம் உர்ரென்று இருந்தது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "பொட்டு வெக்காம எந்த மிஷினும் இங்கேர்ந்து போவக் கூடாது" என்று சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார். பிறகு அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்துத் தயங்கி, "நீங்க வேதக்காரரு, வெக்கலாமா?" என்று கேட்டார்.

"வெய்யிம்மா. எங்க ஊட்டு மருமவ மாதிரி அனுப்பு" என்றார் இருதயராஜ்.

சார் என்னிடம் கடைசியாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "நாளையிலேருந்து நீ இங்க கால் வைக்கக் கூடாது."

"நாளைக்கு விஜயதசமி சார். எங்க போய் எந்த வேலைய ஆரம்பிச்சாலும் எனக்கு நல்ல நாளுதான்" என்றேன். "இன்னிக்கு வேல இன்னும் முடியல. கொஞ்சம் வழிய வுடுங்க."

அவர் ஒதுங்கி நின்றார். நான் கூட்டத்தைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

"ஆவடி கமலம் யாரு? வாங்கக்கா, உங்க மிஷின எடுத்துக்கினு போங்க!"